பார்வோனுக்கும் ஒரு குரல்

1998 டிசம்பர் 18 அன்று அமெரிக்காவில் வெளியான ‘தி பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்’ என்ற அனிமேஷன் படத்தின் மீது அன்றிலிருந்து ஒரு குற்றச்சாட்டு நிலைத்திருக்கிறது. மோசேயையும் பார்வோனையும் அண்ணன் தம்பியாக வளர்த்து, வேதத்தில் இல்லாத ஒரு குடும்பக் கதையைப் படம் நுழைத்துவிட்டது. ஹாலிவுட்டுக்குக் கண்ணீர் தேவைப்பட்டது, அதற்காக வேதம் வளைக்கப்பட்டது என்பதே அது. இதில் முதல் பாதி உண்மை. யாத்திராகமத்தில் அப்படி ஓர் உறவு சொல்லப்படவில்லை. இரண்டாம் பாதியைத்தான் நான் மறுக்கிறேன். இந்தக் கதையை மேடையிலும் இசையிலும் சொல்லத் தொடங்கிய காலத்திலிருந்தே, கிறிஸ்து பிறப்பதற்கு முன்பிருந்தே, சொல்பவர்கள் எகிப்தியனுக்கு ஒரு குரல் கொடுக்க முயன்றிருக்கிறார்கள். அந்த நீண்ட வழக்கத்தின் ஒரு கண்ணிதான் இந்தப் படம். அதை அப்படிப் பார்க்காமல் எடை போட்டால், அதன் பலமும் தெரியாது, உண்மையான குறையும் தெரியாது.

மூலநூல் எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். யாத்திராகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில் குழந்தை நாணற்பெட்டியில் ஆற்றில் விடப்படுகிறது. பார்வோனின் மகள் எடுக்கிறாள். பிள்ளை வளர்ந்து அவளிடம் சேர்க்கப்படுகிறது. அடுத்த வசனத்திலேயே மோசே பெரியவனாகி, ஓர் எபிரெயனை அடித்த எகிப்தியனைக் கொன்று மணலில் புதைக்கிறான். அரண்மனையில் கழிந்த அத்தனை ஆண்டுகளுக்கும் ஒரு வரிகூட இல்லை. யாருடன் விளையாடினான், யாரை அப்பா என்று அழைத்தான், தான் யார் என்பதை எப்போது அறிந்தான், எதுவும் கிடையாது. பார்வோனுக்குப் பெயரும் இல்லை. அவனை ராம்சேஸ் என்று சொல்வதற்கு இருக்கும் முக்கியமான பிடி, அடிமைகள் கட்டிய பண்டசாலைப் பட்டணங்களில் ஒன்றுக்கு முதல் அதிகாரம் தரும் பெயர்தான். மோசே பார்வோன் முன் நின்று பேசும்போது அவனுக்கு எண்பது வயது, அண்ணன் ஆரோனுக்கு எண்பத்துமூன்று. சரளமாகப் பேச்சு வராதவன் மோசே. அவனுக்காகப் பேசுகிறவன் ஆரோன். இவ்வளவு பெரிய இடைவெளியை வைத்திருக்கும் கதையை நடித்துக் காட்ட நினைக்கிறவன் எதையாவது கொண்டு நிரப்பித்தான் ஆக வேண்டும். எதைக் கொண்டு நிரப்பினான் என்பதுதான் கேள்வி.

நமக்குக் கிடைத்திருக்கும் ஆகப் பழைய விடை கிமு இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. எசேக்கியேல் என்ற யூதக் கவிஞர், பெரும்பாலும் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்தவர், இந்தக் கதையைக் கிரேக்கத் துன்பியல் நாடகமாக எழுதினார். ‘எக்ஸகோகே’ என்ற அந்த நாடகத்தில் 269 வரிகள் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. அவையும் கிறிஸ்தவ வரலாற்றாசிரியர் யூசேபியஸ் தன் நூலில் எடுத்துக்காட்டியதால் பிழைத்தவை. மோசே அதில் ஒரு கனவு காண்கிறான்: மலைமேல் பெரிய சிம்மாசனம், அதில் இருப்பவர் தன் முடியையும் கோலையும் கழற்றி அவனிடம் கொடுக்கிறார். இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு பகுதி. செங்கடல் பிளந்த காட்சியை மேடையில் காட்ட முடியாது. ஆகவே ஒரு தூதன் வந்து நடந்ததைச் சொல்கிறான். அந்தத் தூதன் எபிரெயன் அல்ல. கடலில் அழிந்த படையிலிருந்து தப்பிவந்த எகிப்தியன். சலாமிஸில் தோற்ற பாரசீகரின் அழிவைப் பாரசீகத் தூதன் வாயாலேயே சொல்லவைத்த கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸிடம் எசேக்கியேல் இந்த உத்தியைக் கற்றிருக்க வேண்டும். எங்கிருந்து கற்றாலும் விளைவு ஒன்றுதான். யூதர்களின் மிகப் பெரிய வெற்றியை, யூதர் ஒருவர் எழுதிய நாடகத்தில், தோற்றவன் வந்து விவரிக்கிறான். தண்ணீர் மேலே மூடும்போது அந்தப் பக்கத்தில் நிற்பது எப்படி இருந்தது என்று பார்வையாளர்கள் கேட்கிறார்கள். ஹாலிவுட்டுக்கு இரண்டாயிரம் ஆண்டு முன்பே இது நடந்துவிட்டது.

அரண்மனை ஆண்டுகளை நிரப்பும் வேலையும் அப்படியே பழையது. கிபி முதல் நூற்றாண்டில் யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ், மோசே எகிப்தியப் படைக்குத் தலைமை ஏற்று எத்தியோப்பியா மீது போர் தொடுத்ததாக எழுதினார். வளர்ப்புத் தாய் தெர்முத்திஸ் அவனை அரச வாரிசாகவே கருதினாள் என்றார். ரபிகளின் மிட்ராஷ் கதைகள் இன்னும் பலவற்றைச் சேர்த்தன. பார்வோன் கடலில் சாகவில்லை, தப்பி மனம் திரும்பி நினிவேயின் அரசனானான் என்று ஒரு மிட்ராஷ் சொல்கிறது. படத்தின் முடிவில் பார்வோன் ராம்சேஸ் மறுகரைப் பாறையில் தூக்கி எறியப்பட்டு, உயிரோடு, மோசேயின் பெயரைக் கதறுவதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். தோற்ற அரசனை உயிரோடு விட்டுப் பார்க்கும் ஆசை மரபுக்கு உள்ளேயே இருந்திருக்கிறது.

இதெல்லாம் ஓரத்துக் கதைகள், கதையின் மையம் வெற்றிதானே என்று கேட்கலாம். யாத்திராகமம் பதினைந்தாம் அதிகாரத்தில் மோசேயும் ஜனங்களும் கடற்கரையில் பாடுகிறார்கள், மோசேயின் அக்கா மிரியாம் தம்புரு எடுத்து ஆடுகிறாள். குதிரையும் வீரனும் மூழ்கியதைப் பாடும் வெற்றிப் பாட்டு அது. எபிரெய வேதத்தின் ஆகப் பழைய பகுதிகளில் ஒன்றாகப் பல அறிஞர்கள் அதைக் கருதுகிறார்கள். தோராச் சுருளில் அந்தப் பாட்டை மற்ற பகுதிகளைப் போல எழுத மாட்டார்கள். எழுத்தும் வெற்றிடமும் மாறி மாறி வர, ஒரு வரியின் இடைவெளிமேல் அடுத்த வரியின் சொற்கள் அமர, செங்கல் சுவர் போலக் காட்சி தரும்படி எழுதுகிறார்கள். யூதர்களின் தினசரிக் காலைத் தொழுகையிலும் அது இடம்பெற்றிருக்கிறது. அதே மரபுதான் பாபிலோனியத் தால்முதில் இன்னொன்றையும் பதிவு செய்தது. எகிப்தியர் மூழ்கும் வேளையில் தேவதூதர்கள் பாட முற்பட்டார்களாம். என் கையால் படைத்தவை கடலில் அமிழ்ந்துகொண்டிருக்கும்போது நீங்கள் பாடுகிறீர்களா என்று கடவுள் தடுத்தாராம். பஸ்கா இரவு விருந்தில் பத்து வாதைகளின் பெயரைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி திராட்சரசத்தைக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிடும் பழக்கத்துக்கு விளக்கங்கள் பல உண்டு. எகிப்தியரின் துயரத்தால் நம் மகிழ்ச்சி குறைய வேண்டும் என்பது பிற்காலத்தில் பரவலாகிவிட்ட விளக்கம். பாட்டு இருந்தது, பாட்டைத் தடுத்த குரலும் கூடவே இருந்தது. எந்த ஒன்றை மட்டும் எடுத்தாலும் மரபு பாதிதான்.

இசை மேடைக்கு வருவோம். 1739 ஏப்ரலில் லண்டனில் ஹாண்டல் அரங்கேற்றிய ‘இஸ்ரேல் இன் ஈஜிப்ட்’ என்ற ஆரட்டோரியோவின் சொற்கள் ஏறக்குறைய முழுவதும் வேதத்திலிருந்தே எடுக்கப்பட்டவை. பார்வோன் என்ற பாத்திரமே அதில் பேசுவதில்லை. மோசேயும் பாத்திரமாக வருவதில்லை. பெரும்பகுதி கோஷ்டிப் பாட்டு. தவளைகள் வரும் இடத்தில் வயலின்கள் தத்தித் தத்திப் போகின்றன. ஈக்கள் வரும்போது நரம்புகள் வேகமாக மொய்க்கின்றன. காரிருள் வரும்போது கோஷ்டி தடவித் தடவி நகர்கிறது. இசையில் இதற்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் முதல் நாள் வந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. கோஷ்டிப் பாட்டே அதிகம் என்றார்கள். அடுத்த நிகழ்ச்சிக்கு ஹாண்டல் சிலவற்றை வெட்டித் தனிப் பாடல்களைச் சேர்த்தார். மனித முகம் இல்லாததால் தோற்றது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதே படைப்பை ஆயிரக்கணக்கானோர் கூடிப் பாடினார்கள். 1888 ஜூனில் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் அதைப் பாடியபோது எடிசனின் மெழுகு உருளையில் பதிவு செய்தார்கள், இன்று கேட்கக் கிடைக்கும் மிகப் பழைய இசைப் பதிவுகளில் அது ஒன்று. ஆக, முகமில்லாமலும் இந்தக் கதையைப் பாடலாம். ஆனால் அப்போது அது வழிபாட்டுக்கு அருகில் போய்விடுகிறது. நாடகம் வேண்டுமென்றால் ஆள் வேண்டும். 1818இல் நேப்பிள்ஸில் ரோசினி ‘மோசே இன் எஜித்தோ’ ஓபராவை மேடையேற்றியபோது பார்வோனின் மகனுக்கும் ஓர் எபிரெயப் பெண்ணுக்கும் காதல் வைத்தார். அது தவக்காலம், வேதக் கதை என்றால்தான் ஓபராவுக்கு அனுமதி, வேதத்துக்குள் காதலைக் கொண்டுவந்தால்தான் பார்வையாளர்களுக்குத் திருப்தி. அதிலும் செங்கடல் காட்சியின் மேடை இயந்திரத்தைப் பார்த்து ஜனங்கள் சிரித்தார்கள். மறு ஆண்டு அந்த இடத்தில் ரோசினி ஒரு பிரார்த்தனைப் பாடலைச் சேர்த்தார். சிரிப்பு அடங்கியது. அந்தப் பிரார்த்தனை இன்றும் தனியாகவே பாடப்படுகிறது.

இந்த இடத்தில் என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான சாட்சியைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்கக் கறுப்பின அடிமைகள் பாடிய மோசே பாட்டுதான் அது. 1861இல் உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், வர்ஜீனியாவின் மன்ரோ கோட்டையில் அடைக்கலம் புகுந்த அடிமைகள் பாடியதைக் கேட்டு அச்சிட்ட ‘கோ டவுன் மோசஸ்’ பாட்டையும், 1870களில் அதைப் போன்றவற்றை உலகுக்கு எடுத்துச்சென்ற ஃபிஸ்க் ஜூபிலி பாடகர்களையும் எண்ணிப் பாருங்கள். அடிமைகளைத் தப்புவித்த ஹாரியட் டப்மனுக்கு மோசே என்றே பெயர். அங்கே பார்வோனுக்கு மனசாட்சியும் கிடையாது, சோகமும் கிடையாது; அவன் கட்டளை பெறுகிறவன் மட்டுமே. அடிபட்டவன் அடித்தவனின் உள்ளத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று யார் கேட்க முடியும்? 1998இன் படம் அடிமைகளின் கதையை எடுத்து, அதன் மையத்தில் அரசனின் துயரத்தை வைத்துவிட்டது என்றால், அது சாதாரணக் குற்றம் அல்ல.

இதற்குப் பதில் படத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். படம் தொடங்குவதே அடிமைகளின் பாட்டோடுதான். சேற்றுக் குழிகள், சாட்டை, இழுபடும் கற்கள், குழந்தைகளைப் பறிக்கவரும் சிப்பாய்கள், பிறகு மோசேயின் தாய் யோகெபேத் பாடும் தாலாட்டு. யேமன் யூத மரபைச் சேர்ந்த இஸ்ரேலியப் பாடகி ஓஃப்ரா ஹசா அதைப் பாடினார். பல மொழிப் பதிப்புகளுக்கும் அவரே பாடினார். அரண்மனையின் சுகத்தைக் காட்டுவதற்கு முன்பே அது எதன் மேல் நிற்கிறது என்பதைப் படம் காட்டிவிடுகிறது. அடுத்து, மோசே உண்மையை அறியும் காட்சி. அவன் கனவு எகிப்தியச் சுவரோவியமாகவே விரிகிறது. பக்கவாட்டில் மட்டும் வரையப்பட்ட தட்டையான உருவங்கள் சுவரில் ஓடுகின்றன, தூண்களைச் சுற்றித் திரும்புகின்றன, சிப்பாய்கள் குழந்தைகளைப் பிடுங்குகிறார்கள். திடுக்கிட்டு எழுந்து தீப்பந்தத்தோடு போனால், அரண்மனைச் சுவரில் அதே காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. அரசு தன் கொலையை மறைக்கவில்லை. பெருமையாகச் சுவரில் வைத்திருக்கிறது. பின்னாலேயே வந்த வளர்ப்புத் தகப்பன், அப்போதைய பார்வோன் சேத்தி, மகனை அணைத்து, அவர்கள் வெறும் அடிமைகள் என்று ஆறுதல் சொல்கிறார். அன்பான தகப்பனும் குழந்தைக் கொலைகாரனும் ஒரே ஆள், ஒரே அணைப்பில். பார்வோனின் வீட்டுக்குள் நம்மை அழைத்துப் போனதால்தான் இந்த அருவருப்பு நமக்குக் கிடைக்கிறது. மன்னிப்பதற்காகப் படம் அந்த வீட்டுக்குள் போகவில்லை. எகிப்துக்காக அழுகிறவன் மோசே மட்டுமே என்பதையும் கவனிக்க வேண்டும். விடுதலை பெற்ற எந்த அடிமையையும் அது எகிப்துக்காக அழச் சொல்வதில்லை.

படத்துக்கு நேரடி முன்னோடி செசில் பி. டிமில் 1956இல் எடுத்த ‘தி டென் கமாண்ட்மென்ட்ஸ்’. மோசேயும் ராம்சேஸும் ஒரே அரண்மனையில் போட்டியாளர்களாக வளர்வது அங்கேயே இருக்கிறது. அதன் தொடக்க எழுத்துகளில் பிலோ, யோசேபஸ், யூசேபியஸ், மிட்ராஷ் என்று பழைய மூலங்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. கூடவே டோரதி கிளார்க் வில்சன் 1949இல் எழுதிய நாவலின் பெயரும். அந்த நாவலின் தலைப்பே ‘பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்’. ஆனால் டிமிலின் ராம்சேஸ் வெறும் எதிரி. அவருக்கு வேண்டியிருந்தது பனிப்போர்க் காலத்துப் பிரசங்கம். படம் தொடங்குமுன் திரைக்கு முன்னால் தானே வந்து நின்று, மனிதர்கள் கடவுளின் சட்டத்தால் ஆளப்படுவதா சர்வாதிகாரியின் விருப்பத்தாலா என்று கேட்டார். போட்டியை அன்பாக மாற்றியது 1998இன் படம்தான். சகோதரப் பாசம் புதிது என்று சொன்னால் இந்த அளவில் ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் படம் உருவான விதமும் அலட்சியமானது அல்ல. டிஸ்னியை விட்டு வெளியேறிய ஜெஃப்ரி கேட்சன்பெர்க், ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், டேவிட் கெஃபன் மூவரும் 1994இல் தொடங்கிய ட்ரீம்வொர்க்ஸ் நிறுவனத்துக்கு இது பெரும் பந்தயம்; செலவு சுமார் 7 கோடி டாலர், உலக வசூல் ஏறத்தாழ 21.8 கோடி டாலர். பிரெண்டா சாப்மன், ஸ்டீவ் ஹிக்னர், சைமன் வெல்ஸ் இயக்கினார்கள். பெரிய நிறுவனம் ஒன்றின் முழுநீள அனிமேஷன் படத்தை இயக்கிய முதல் பெண் சாப்மன். பாடல்கள் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ், பின்னணி இசை ஹான்ஸ் ஜிம்மர். ஓவியர் குழு எகிப்துக்குப் போய்வந்தது. யூத, கிறிஸ்தவ, இஸ்லாமிய அறிஞர்கள் பலரிடம் ஆலோசனை கேட்கப்பட்டது. படத்தின் தொடக்கத்திலேயே, கலைச் சுதந்திரம் எடுத்திருக்கிறோம், மூலக் கதை யாத்திராகமத்தில் இருக்கிறது என்று அறிவித்துவிட்டார்கள். அந்த ஆலோசனைகளில் எது எங்கே போய்ச் சேர்ந்தது என்று வகுத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒன்று கண்ணில் படுகிறது. யாத்திராகமத்தில் குழந்தையை எடுப்பவள் பார்வோனின் மகள். படத்தில் எடுப்பவள் பார்வோனின் மனைவி. குர்ஆன் சொல்வதும் மனைவி என்றுதான். ஆசியா அம்மையார் என்று முஸ்லிம்கள் போற்றுவது அவரையே. அப்படியும் நபியான மோசேயை உருவமாகக் காட்டியதற்காக மலேசியாவிலும் மாலத்தீவிலும் படம் தடை செய்யப்பட்டது. அந்த ஆட்சேபத்தை அறியாமை என்று தள்ள நான் தயாராக இல்லை. கடவுளின் தூதரை நடிகனின் முகத்தோடு சேர்த்து நினைக்கும் பழக்கம் வேண்டாம் என்பது யோசித்து எடுத்த நிலை. ஆனால் அந்த நிலை எல்லாச் சித்திரிப்புக்கும் எதிரானது. இந்தப் படம் கதையைத் திரித்தது என்ற குற்றச்சாட்டுக்கு அது துணை வராது.

கடவுளின் குரலுக்கும் இதே கதைதான். எரியும் முட்செடியிலிருந்து பேசும் குரலை மோசேக்குக் குரல் கொடுத்த வால் கில்மரே பேசினார். நடிகரின் சுயமோகம் என்று சிலர் நினைத்திருக்கலாம். டிமிலின் படத்தில் சார்ல்டன் ஹெஸ்டனும் அதையே செய்தார். அதற்கும் வெகு காலம் முன்பே மிட்ராஷ், மோசே பயந்துவிடாதபடி கடவுள் அவனுடைய தகப்பனின் குரலில் பேசினார் என்று சொல்லிவிட்டது.

படத்தின் உச்சம் தலைப்பிள்ளைகளின் மரணம். அதுவரை வாதைகளெல்லாம் இரண்டு சகோதரர்களின் பாட்டுச் சண்டையாகக் கோஷ்டியின் முழக்கத்தோடு பாய்ந்து வந்தவை. இங்கே பாட்டு நின்றுவிடுகிறது. வெளிறிய ஒளி ஒன்று தெருக்களில் புகைபோல் நுழைகிறது. மூச்சுக் காற்றின் சத்தம் மட்டும். ஒரு சிறுவன் ஜாடியோடு வாசலுக்குள் போகிறான், ஜாடி விழுகிறது, வாசல்படிக்கு வெளியே கை சரிகிறது. அரண்மனையில் ராம்சேஸ் தன் மகனைக் கிடத்தித் துணியால் மூடுகிறான். போகலாம் என்ற அனுமதியை வாங்கிக்கொண்டு வெளியே வந்த மோசே, தெருவில் சுவரோரம் சரிந்து அழுகிறான். அந்த அழுகைக்குப் பிறகுதான் விடுதலைப் பாட்டு தொடங்குகிறது, அதுவும் மிரியாமின் தணிந்த குரலில். ஆஸ்கர் பரிசு வாங்கிய அந்தப் பாட்டின் நடுவில் குழந்தைகள் எபிரெயத்தில் பாடுவது யாத்திராகமம் பதினைந்தின் சொற்களைத்தான். தேவதூதர்களைத் தடுத்த கதையையும் கடற்கரைப் பாட்டையும் இவ்வளவு நெருக்கமாக அடுத்தடுத்து வைத்த வேறொரு இசைப்படைப்பை நான் அறியேன்.

இனிக் குறைகள். பிரமிடுகளையும் ராம்சேஸையும் ஒரே காலத்துக் காட்சியாகக் கலப்பது வரலாறு ஆகாது. கீசாவின் பெரிய பிரமிடு இரண்டாம் ராம்சேஸுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது. அதைவிடப் பெரிய குறை ஆரோன். வேதத்தில் மோசேயின் வாயாக நின்றவனைப் படம் ஒரு கோழையாகச் சுருக்கிவிட்டது. வளர்ப்பு அண்ணனுக்கு இடம் கொடுக்க உடன்பிறந்த அண்ணனை ஓரங்கட்டியது என்றே சொல்ல வேண்டும். இன்னொன்று இறையியல். யாத்திராகமம் சில இடங்களில் பார்வோன் தன் இருதயத்தைக் கடினப்படுத்தினான் என்கிறது, சில இடங்களில் கர்த்தர் கடினப்படுத்தினார் என்கிறது. இரண்டாவது வாக்கியம்தான் விசுவாசிகளையும் விமர்சகர்களையும் நூற்றாண்டுகளாகத் தூங்கவிடாதது. படம் அதைத் தொடாமல் விட்டது. அங்கே ராம்சேஸின் நெஞ்சு இறுகுவது, வம்சப் பெருமை தன் கையில் உடைந்துவிடுமோ என்ற பயத்தால்; தகப்பன் ஊட்டிய பயம் அது. நம்பும்படியான காரணம்தான். ஆனால் கடவுள் மேல் விழ வேண்டிய கேள்வியை அது ஒரு மகனின் மனக்காயத்தின் மேல் திருப்பிவிட்டது. சகோதரப் பாசத்தைச் சேர்த்ததற்காகப் படத்தைக் குறை சொல்கிறவர்கள் தவறான இடத்தில் கை வைக்கிறார்கள். கை வைக்க வேண்டிய இடம் இதுதான்.

ஆகவே படத்தைப் பார்க்கிறவர்கள், பார்த்தவர்களும்கூட, யாத்திராகமத்தின் முதல் பதினைந்து அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசித்துவிடுங்கள். ஒரு மணி நேரம்கூட ஆகாது. குறிப்பாக ஏழு முதல் பதினொன்று வரையுள்ள அதிகாரங்களில் பார்வோனின் இருதயத்தை யார் கடினப்படுத்துகிறார் என்பதை இடம் இடமாகக் குறித்துக்கொண்டே வாசியுங்கள்.